மேட்டுப்பாளையம் தடத்தில் புறநகர் ரயில்: மெட்ரோ, பேருந்து, மெமு – எதில் பணம் போடலாம்?

காலை எட்டரை மணி வாக்கில் காரமடை ரயில் நிலையத்துக்கு ஒருநாள் வந்து பாருங்கள். கோவைக்குப் போகும் மெமு என்ற குறுந்தூர மின்சார ரயில் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே நடைமேடை நிரம்பிவிடுகிறது. கல்லூரிப் பிள்ளைகள், துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கப் போகும் பெண்கள், ஆஸ்பத்திரிச் சீட்டை மஞ்சப்பையில் சுருட்டி வைத்திருக்கும் முதியவர்கள், ஈரச்சாக்கில் கட்டிய கறிவேப்பிலையைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்கும் வியாபாரி. வண்டி வந்ததும் கட்டு முதலில் ஏறும், ஆள் பிறகு ஏறுவார். கதவோரம் வைத்த அந்தக் கட்டின் வாசனை வடகோவை வரைக்கும் பெட்டியில் நிற்கும். வண்டி கிளம்பிய பிறகு நடைமேடை வெறிச்சோடிவிடுகிறது. ஒரு நிமிடம் பிந்தி ஓடி வந்தவர்கள் நேர அட்டவணையைக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்த வண்டி எப்போது என்பது அவர்களுக்குத் தெரியும். பேசாமல் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடக்கிறார்கள்.

நானும் அப்படி நடந்தவன்தான். இந்தத் தடத்தில் பல ஆண்டுகளாகச் சீசன் டிக்கெட்டில் போய்வருகிறேன். கோவைக்கு மெட்ரோ வருமா வராதா என்ற பேச்சு பெரிதாக எழுந்திருக்கும் இந்த நேரத்தில், அதன் நிழலில் மறைந்துபோன ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டி ஏற்கெனவே கிடக்கும் தண்டவாளத்தில் ஒரு முறையான புறநகர் ரயில் சேவையை உருவாக்கினால், அது மற்ற வழிகளோடு ஒப்பிடும்போது எப்படி நிற்கும்?

முதலில் தடத்தைப் பற்றி. போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையத்துக்குப் போகும் இருப்புப்பாதை 1873-ல் திறக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன முதன்மைப் பாதை போத்தனூர் வழியாகவே சென்றது. கோவை நகரம் கிளைப்பாதையில் இருந்த ஊர். நீலகிரிக்கு ஏறும் மலைப்பாதை 1899-ல் குன்னூரையும் 1908-ல் உதகையையும் எட்டியது. ஆக, நம் தடம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் பழையது. ஊர்கள் அதை ஒட்டி வளர்ந்தன. வடகோவையைத் தாண்டினால் கவுண்டம்பாளையம், துடியலூர், நரசிம்மநாயக்கன்பாளையம், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று சாலையும் தண்டவாளமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் போகின்றன; கோவை சந்திப்பிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 36 கிலோமீட்டர். மெமு இந்தத் தூரத்தை முக்கால் மணியில் கடந்துவிடுகிறது. காலை நெரிசலில் பேருந்துக்கு ஒன்றரை மணி ஆகும் நாட்களும் உண்டு.

இத்தனை வேகம் இருந்தும் மக்கள் பேருந்தை நம்பியே இருக்கிறார்கள். ஒரு நாளைக்குப் போகும் மெமு வண்டிகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம் என்பதே காரணம். துடியலூரில் இருப்பவருக்கு வடகோவை ரயிலில் கால் மணி தூரம்தான். அந்தக் கால் மணிப் பயணத்துக்காக இரண்டு மணி நேரம் காத்திருக்க யாருக்கு முடியும்? ஆகவே எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பதையே இந்த ஒப்பீட்டில் முதல் அளவுகோலாக வைக்கிறேன். வேகம், குளிர்வசதி, நிலையத்தின் அழகு எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

மெட்ரோ

கோவை மெட்ரோவின் முதல் கட்டத்துக்கு இரண்டு தடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன: அவினாசி சாலை ஒன்று, சத்தியமங்கலம் சாலை ஒன்று. 32 நிலையங்கள், 10,740 கோடி ரூபாய் மதிப்பீடு. அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் முந்நூறு கோடி. 2025 நவம்பரில் மத்திய அரசு இந்தத் திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பியது. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கைப்படி மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது அதில் பெரிதாகப் பேசப்பட்ட காரணம். 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சிப் பகுதியை மட்டும் எடுத்தால் 16 லட்சத்துக்குக் கீழே வருகிறது. சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த நகரத் தொகுப்பை எடுத்தால் 21 லட்சத்தைத் தாண்டுகிறது. பழைய கணக்கெடுப்பை வைத்து வேகமாக வளரும் நகரத்தை அளப்பது நியாயமில்லை என்ற வாதத்தை நானும் ஏற்கிறேன்.

மெட்ரோவின் நன்மைகளைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும். லிஃப்ட் இருக்கும், சக்கர நாற்காலியில் வருபவர் யார் துணையும் இல்லாமல் ஏறலாம். இரவு ஒன்பது மணிக்கும் ஒரு பெண் வெளிச்சமான நிலையத்தில் நின்று வண்டிக்குக் காத்திருக்கலாம். கல்லூரிகளும் மருத்துவமனைகளும் தொழில்நுட்ப நிறுவனங்களும் விமான நிலையமும் வரிசைகட்டி நிற்கும் அவினாசி சாலைக்கு இது பொருத்தம்.

மேட்டுப்பாளையம் சாலைக்கு என்ன பயன் என்று கேட்டால், முதல் கட்டத்தில் அந்தச் சாலையே இல்லை. இன்றே ஒப்புதல் கிடைத்தாலும் முதல் கட்டம் முடிந்து, பயணிகள் எண்ணிக்கை பார்த்து, இரண்டாம் கட்டத்துக்கு அறிக்கை எழுதி, நிலம் எடுத்து முடிப்பதற்குள் இன்று காரமடையில் பள்ளிக்குப் போகும் பிள்ளை வேலைக்குச் சேர்ந்திருக்கும். சென்னையில் 2009-ல் பணி தொடங்கி, 2015 ஜூன் மாதம் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே முதல் வண்டி ஓடியது. முதல் கட்டம் முழுமையாக முடிய 2019 ஆனது. அது தலைநகரம், முன்னுரிமை பெற்ற திட்டம். அதற்கே பத்து ஆண்டு.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அவினாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு 1,791 கோடி ரூபாயில் கட்டிய ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. சாலையின் நடுப்பகுதியை அதன் தூண்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. மெட்ரோ வந்தால் ஓரமாகத்தான் போக வேண்டும். ஓரமென்றால் கடைகளும் வீடுகளும். ஒரே சாலையில் முதலில் காருக்குப் பாலம், பிறகு மக்களுக்கு ரயில் என்று வரிசை மாறினால் நிலத்தின் விலை இரண்டு முறை கொடுக்க வேண்டியிருக்கிறது. மேட்டுப்பாளையம் சாலையிலும் இதே வரிசையில் போய்விடக் கூடாதே என்பது என் கவலை.

பேருந்து

பேருந்தை யாரும் பெரிய திட்டமாக நினைப்பதில்லை; நான் நினைக்கிறேன். மேட்டுப்பாளையம் சாலையில் இன்று மக்களைச் சுமப்பது பேருந்துதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்ணுக்கு இது மாதம் பல நூறு ரூபாய் மிச்சம். எந்த ரயில் திட்டம் வந்தாலும் முதலில் இந்தப் பெண்ணின் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். டிக்கெட் நாற்பது ரூபாய் என்றால் அவர் ஏற மாட்டார். நேரம் இரண்டு மடங்கானாலும் பேருந்திலேயே போவார்.

பேருந்துக்கெனத் தனிப்பாதை ஒதுக்குவது அடுத்த யோசனை. அகமதாபாத்தில் 2009-ல் தொடங்கிய தனிப்பாதைப் பேருந்து நிலைத்து ஓடுகிறது. டெல்லியில் 2008-ல் போட்ட பாதையை 2016-ல் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சாலையின் அகலமும் காவலும்தான் தீர்மானித்தன என்பது என் எண்ணம். கவுண்டம்பாளையத்திலும் துடியலூர்ச் சந்தையருகிலும் இருக்கும் சாலையில் இருபுறமும் ஒரு தடத்தைப் பேருந்துக்கு ஒதுக்கினால் மீதி இடத்தில் லாரியும் உதகைக்குப் போகும் சுற்றுலா வண்டியும் முட்டிக்கொள்ளும். கோடை விடுமுறையில் இந்தச் சாலையில் ஒரு மாலை நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தனிப்பாதை இங்கே முடியாத காரியம் என்று சொல்லவில்லை. நிலையத்தையும் குடியிருப்பையும் இணைக்கும் குறுக்குச் சாலைகளில் பேருந்தை வலுப்படுத்துவது மேல் என்கிறேன். வடவள்ளியிலிருந்தும் சரவணம்பட்டியிலிருந்தும் துடியலூர் நிலையத்துக்குச் சிற்றுந்து வந்தால், அந்த ஒரு ஏற்பாடே எத்தனையோ பேரை இருசக்கர வண்டியிலிருந்து இறக்கிவிடும்.

இருக்கும் தண்டவாளம்

இனி எனக்கு மிக நெருக்கமான பகுதி. இருக்கும் தண்டவாளத்தில் நகர ரயிலை ஓட்டுவது நமக்குப் புதிதல்ல. சென்னைக் கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் கோவையின் அளவுள்ள நகரம் பாடம் கற்க வேண்டியது ஹைதராபாத்திலும் பெங்களூரிலும்.

ஹைதராபாத்தில் 2003 ஆகஸ்ட் மாதம் எம்.எம்.டி.எஸ். என்ற நகர ரயில் தொடங்கியது. மாநில அரசும் ரயில்வேயும் செலவைப் பகிர்ந்துகொண்டன. புதிதாக நிலம் எடுக்கவில்லை, வானத்தில் பாலம் கட்டவில்லை. இருந்த தடத்தில் நிலையங்களைச் சீராக்கி, மின்சார வண்டிகளை விட்டார்கள். செலவோடு ஒப்பிட்டால் இதைவிட மலிவான நகர ரயில் நாட்டில் அபூர்வம். ஆனால் அந்தத் தடத்தில்தான் செகந்திராபாத்துக்கு வரும் நெடுந்தூர வண்டிகளும் சரக்கு வண்டிகளும் போயின. விரைவு வண்டிக்கு வழிவிட நகர வண்டி ஓரம்கட்ட வேண்டியதாயிற்று. பத்து நிமிடத் தாமதம் ஒருநாள், வண்டி ரத்து இன்னொரு நாள். அலுவலகம் போகிறவர் இப்படி இரண்டு முறை ஏமாந்தால் மூன்றாம் முறை நிலையத்துக்கு வர மாட்டார். 2017-ல் மெட்ரோ வந்ததும் பலர் அங்கே போய்விட்டார்கள்.

பெங்களூரு இதைப் பார்த்து வேறு வழியை எடுத்தது. ரயில்வே நிலத்திலேயே, பழைய தண்டவாளத்தை ஒட்டி, நகர ரயிலுக்கு மட்டுமே உரிய புதிய பாதை. நான்கு தடங்கள், 148 கிலோமீட்டர், 15,767 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு நூறு கோடியைச் சற்றுத் தாண்டும். மெட்ரோவின் செலவில் மூன்றில் ஒரு பங்கு. 2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது, 2022 ஜூன் மாதம் அடிக்கல் நாட்டினார்கள், நாற்பது மாதத்தில் முதல் தடம் ஓடும் என்றார்கள். அந்தக் கெடு கடந்துபோயிற்று, வண்டி இன்னும் ஓடவில்லை. கொள்கையில் சரியான வழிதான். ஆனால் மாநிலமும் ரயில்வேயும் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனத்தில் ஒவ்வொரு அங்குல நிலத்துக்கும் ஒப்புதல் வாங்கி முடிப்பதற்குள் வருடங்கள் ஓடிவிடுகின்றன.

இப்போது நம் தடத்தை இந்த இரண்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வடகோவை–மேட்டுப்பாளையம் பாதை அகலப்பாதையின் முட்டுச்சந்து. அதற்கு மேலே போவது பல்சக்கர மலை ரயில்தான். அதிகாலையில் சென்னையிலிருந்து நீலகிரி விரைவு வண்டி வருகிறது, இரவில் திரும்புகிறது. வாரத்தில் சில நாட்கள் தென்மாவட்ட வண்டிகள். இவற்றைத் தவிர நெடுந்தூர வண்டி ஏதும் குறுக்கே வருவதில்லை. ஹைதராபாத்தைக் கெடுத்த நோய் இங்கே மிகக் குறைவு. பகல் முழுவதும், குறிப்பாக நமக்குத் தேவையான காலையும் மாலையும், தண்டவாளம் பெரும்பாலும் வெறுமனே வெயிலில் கிடக்கிறது. மின்கம்பி ஏற்கெனவே இருக்கிறது. இப்படியொரு தடம் நகரின் நெரிசல் மிகுந்த சாலைக்குப் பக்கத்திலேயே கிடைப்பது எத்தனை பெரிய வாய்ப்பு!

பிறகு என்ன தடை? ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் வண்டிகள் கிராசிங்குக்கு ஓரிடத்தில் நின்றாக வேண்டும்.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். இந்தக் கணக்கு தெரியாததால்தான் கூட்டங்களில் "இரட்டைப் பாதை வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று பேச்சு நின்றுவிடுகிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இடையில் எங்குமே விலக வழியில்லை என்றால், போன வண்டி திரும்பி வந்த பிறகுதான் அடுத்தது கிளம்ப முடியும். இரண்டு மணிக்கு ஒன்று. நடுவில் ஓரிடத்தில் விலக முடிந்தால் ஒவ்வொரு பாதியும் இருபத்தைந்து நிமிடம். ஏறத்தாழ மணிக்கு ஒரு வண்டி இரு பக்கமும் ஓடலாம். சம இடைவெளியில் மூன்று இடங்களில் விலக முடிந்தால் அரை மணிக்கு ஒன்று. முழுத் தடத்தையும் இரட்டிப்பாக்காமலேயே, மூன்று நிலையங்களில் வண்டி ஒதுங்கி நிற்க ஒரு லூப் பாதையும் கூடுதல் நடைமேடையும் சிக்னலும் இருந்தால் அரை மணிக்கொரு ரயில் கிடைத்துவிடும். துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை ஆகிய மூன்றும் ஏறக்குறைய அந்த இடைவெளியில்தான் அமைந்திருக்கின்றன. யாரோ இதற்காகவே அளந்து வைத்ததுபோல் இருக்கிறது.

ஒரு வண்டி ஐந்து நிமிடம் தாமதித்தால் எதிர்வண்டியும் தாமதிக்கும் என்பது இதன் பலவீனம். அதனால்தான் இரண்டாம் படியாக இரட்டைப் பாதை வேண்டும் என்கிறேன். அதன் செலவுக்கு ஓர் அளவு கிடைக்கிறது: தாம்பரம்–செங்கல்பட்டு இடையே முப்பது கிலோமீட்டர் நான்காவது பாதைக்கு 2025-ல் ரயில்வே அனுமதித்த தொகை 757 கோடி. அந்தக் கணக்கை வடகோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரையுள்ள முப்பத்து மூன்று கிலோமீட்டருக்குப் பொருத்தினால், சில பாலங்களும் ரயில்வே கேட் ஒழிப்பும் சேர்த்து, ஆயிரம் கோடியை ஒட்டி வரும் என்பது என் மதிப்பீடு. அவினாசி சாலையின் ஒரு மேம்பாலத்துக்கு ஆன செலவைவிட அது குறைவு. முழு இரட்டைப் பாதையில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மெமு எளிதாக ஓடும். எட்டுப் பெட்டி மெமு ஒன்று, நிற்பவர்களையும் சேர்த்து, இரண்டாயிரம் பேருக்கு மேல் சுமக்கும். அத்தனை பேரைப் பேருந்தில் கொண்டுவர முப்பது பேருந்துகளாவது வேண்டும்.

பாதையைவிட அவசரமான குறை ஒன்றும் இருக்கிறது. வடகோவையை விட்டால் துடியலூர் வரை வண்டி எங்கும் நிற்பதில்லை. எட்டு கிலோமீட்டர்! இந்தத் தடத்திலேயே வீடுகள் மிக நெருங்கி நிற்கும் பகுதி இதுதான். சங்கனூர், கவுண்டம்பாளையம், ஜி.என். மில்ஸ் வட்டாரங்களில் குடியிருப்பவர்கள் தங்கள் வீட்டுப் பின்பக்கமாக ரயில் போகும் ஓசையைக் கேட்டுக்கொண்டே முன்பக்கச் சாலையில் பேருந்துக்கு நிற்கிறார்கள். அந்த இடைவெளியில் இரண்டு ஹால்ட் நிலையங்கள் வேண்டும். துடியலூருக்கும் பெரியநாயக்கன்பாளையத்துக்கும் நடுவே நரசிம்மநாயக்கன்பாளையத்தில் இன்னொன்று. சரியான இடத்தைப் பொறியாளர்கள் அளந்து சொல்லட்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒன்றரை நிமிடம் கூடும் என்று வைத்தாலும் மொத்தப் பயணம் ஐந்து நிமிடம்தான் நீளும். துடியலூரும் பெரியநாயக்கன்பாளையமும்கூட ஆண்டுக்கணக்கில் வண்டி நிற்காமல் கிடந்து, மக்கள் கேட்டுக் கேட்டு மீண்டும் உயிர்பெற்ற நிலையங்கள்தான். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அவையே சாட்சி.

நெரிசலான மூன்று கிலோமீட்டர்

இந்தத் திட்டத்தின் உண்மையான சிக்கல் மேட்டுப்பாளையம் பக்கம் இல்லை. வடகோவைக்கும் கோவை சந்திப்புக்கும் இடையிலுள்ள மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. இங்கே நம் மெமு, சென்னை–கேரள முதன்மைத் தடத்தோடு கலந்துவிடுகிறது. வந்தே பாரத், சதாப்தி, கேரளத்துக்குப் போகும் பல வண்டிகள் எல்லாம் இந்த வழிதான். கோவை சந்திப்பில் ஆறு நடைமேடைகள். அரை மணிக்கு ஒரு மெமு வந்து, நின்று, திரும்ப வேண்டுமென்றால் ஒரு நடைமேடையை அதற்கே எழுதிக்கொடுக்க வேண்டும். இதைச் சொன்னால் எந்த இயக்கப் பிரிவு அதிகாரியும் தலையசைத்து ஒப்புக்கொள்வது கடினம். அவர்கள் பக்கத்தில் நியாயமும் இருக்கிறது.

இதற்கு இரண்டு தீர்வுகள். பாதி வண்டிகளை வடகோவையிலேயே முடித்துத் திருப்பலாம். காந்திபுரம் பேருந்து நிலையம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்தான். பலருக்குச் சந்திப்பைவிட காந்திபுரமே வேண்டியிருக்கிறது. மீதி வண்டிகளைச் சந்திப்பில் திருப்பாமல் நேரே போத்தனூருக்கு விட்டுவிடலாம். நடைமேடையில் வண்டி திரும்ப எடுக்கும் இருபது நிமிடம், கடந்துபோகும் வண்டிக்கு மூன்று நிமிடமாகச் சுருங்கும். போத்தனூரில் இடம் இருக்கிறது, அங்கே நிறுத்தித் திருப்பலாம். தெற்கிலிருந்து நகருக்கு வருபவர்களுக்கும் ஒரு ரயில் கிடைக்கும். பொள்ளாச்சிப் பாதை 2017-ல் அகலப்பாதையாகித் தயாராக இருப்பதால், பின்னொரு நாள் மேட்டுப்பாளையம்–பொள்ளாச்சி என்று ஒரே வண்டியாகவும் நீளலாம்.

சுற்று ரயில் கோரிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். கோவை சந்திப்பு, வடகோவை, பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர், போத்தனூர் என்று நகரைச் சுற்றி ஏற்கெனவே ஒரு வளையம் இருக்கிறது. அதில் ரயில் விடுங்கள் என்று பலர் நெடுநாளாகக் கேட்கிறார்கள். வரைபடத்தில் பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் வளையத்தின் வடபாதி முழுக்க முதன்மைத் தடம். தென்பாதியான இருகூர்–போத்தனூர் 11 கிலோமீட்டர் ஒற்றைப் பாதைத் தடம். ஹைதராபாத்தின் கதை இங்கே அப்படியே திரும்பும் ஆபத்து உண்டு. தவிர, வட்டமாகப் பயணம் செய்பவர் யார்? காலையில் எல்லோரும் நகருக்குள் வருகிறார்கள், மாலையில் வெளியே போகிறார்கள். முதலில் மேட்டுப்பாளையம் தடம், அது நிலைத்த பிறகு வளையம் என்பதே என் வரிசை.

யார் கொடுப்பது, யார் ஓட்டுவது

புறநகர் ரயில் என்றாலே நட்டம் என்று ரயில்வே சொல்லும். டிக்கெட் பணத்தை மட்டும் பார்த்தால் உண்மைதான். குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாய். கொரோனா காலத்தில் இதையே விரைவு வண்டிக் கட்டணமாக முப்பது ரூபாய் ஆக்கினார்கள். 2024 தொடக்கத்தில் பழைய கட்டணம் திரும்பும்வரை பெட்டியில் முகங்கள் குறைந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன். வேலைக்குப் போகிற பெண்கள்தான் முதலில் காணாமல் போனார்கள். பேருந்தில் கட்டணமில்லாத பயணம் இருக்கும்போது முப்பது ரூபாய்க்கு அவர்கள் எப்படி வருவார்கள்?

ஆகவே மாநில அரசு பணம் போடாமல் இந்த ரயில் ஓடாது. போட வேண்டும் என்றே நினைக்கிறேன். மெட்ரோவுக்கு மாநிலம் ஒதுக்கத் தயாராக இருந்த தொகையில் ஒரு சிறு பகுதி போதும். ஹைதராபாத்தில் செய்ததுபோல் செலவைப் பகிர்ந்துகொண்டு, ஓட்டும் பொறுப்பை ரயில்வேயிடமே விடலாம். பெங்களூரைப்போல் தனி நிறுவனம் அமைக்க வேண்டிய அளவுக்கு இது பெரிய திட்டமில்லை. ஆனால் பணம் கொடுக்கும்போது ஓர் ஒப்பந்தம் கட்டாயம் வேண்டும்: நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள், காலை ஏழு முதல் பத்து வரை விரைவு வண்டிக்காக மெமுவை நிறுத்துவதில்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாவிட்டால் ஹைதராபாத்தைப்போல் இங்கும் வண்டி ஓரம்கட்டப்படும். பெண்களின் கட்டணமில்லாப் பயணத்தை மாநில அரசு இந்த ரயிலுக்கும் நீட்டித்து, அதற்கான தொகையை ரயில்வேக்குச் செலுத்தினால், சாலையில் பேருந்து நெரிசல் குறைவதே அந்தப் பணத்துக்குப் பெரிய வரவு. சென்னையில் 2025 செப்டம்பரில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் வசதி வந்துவிட்டது. கோவைக்கும் அதை நீட்டிப்பதில் கம்பியும் கல்லும் தேவைப்படாது.

2017-ஆம் ஆண்டுக் கொள்கையில் இன்னொரு விதியும் உண்டு. மெட்ரோ கேட்கும் நகரம், முதலில் மாற்று வழிகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். மறுபடி அறிக்கை எழுதும்போது மேட்டுப்பாளையம் தடத்தை அந்த ஒப்பீட்டில் முறைப்படி சேர்க்க வேண்டும் என்று கோவையின் மக்கள் பிரதிநிதிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அவினாசி சாலைக்கு மெட்ரோ கேட்பதும் இந்தத் தடத்துக்கு மெமு கேட்பதும் ஒன்றையொன்று வெட்டும் கோரிக்கைகள் அல்ல. வடகோவையில் நிறைய மக்கள் வந்திறங்குகிறார்கள் என்று காட்ட முடிந்தால் மெட்ரோவின் கணக்கும் வலுப்படும்.

என்னிடம் நூறு கோடி கொடுத்து இந்தத் தடத்தில் செலவழிக்கச் சொன்னால், முதல் ரூபாயை லூப் பாதைக்குக்கூடப் போட மாட்டேன். வடகோவை நிலையத்தின் வாசலுக்குப் போவேன். காலை ஒன்பது மணிக்கு அங்கே இறங்கும் கூட்டம் ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே நெளிந்து வெளியேறுகிறது. காந்திபுரம் நடக்கக்கூடிய தூரம்தான். ஆனால் நடைபாதை விட்டுவிட்டு இருக்கிறது, நிழல் இல்லை, சாலையைக் கடக்கும் இடத்தில் கைகாட்டிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் கூரையிட்ட ஒரு நடைபாதை, வாசலிலேயே நின்று மெமு வந்ததும் கிளம்பும் இரண்டு சிற்றுந்துகள், பெரிய எழுத்தில் ஒரு நேரப் பலகை. அடுத்ததாக வண்டி நேரங்களை மனதில் நிற்கும்படி அமைப்பேன்: ஒவ்வொரு மணியும் காரமடையில் 10-லும் 40-லும். அட்டவணை பார்க்கத் தேவையில்லை, பாட்டிகூட மனப்பாடம் செய்துவிடுவாள். அதற்குப் பிறகுதான் பெரியநாயக்கன்பாளையத்தில் லூப் பாதை, கவுண்டம்பாளையத்தில் ஹால்ட், மற்றதெல்லாம்.